வேப்பிலைக் கரை போட்ட நோட்டீஸ்

இரண்டாயிரமாவது வருடம் பிறந்து ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் எங்கள் தெரு. என் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை ஒன்றில் வேலை பார்த்தார். நான் எட்டாவதோடு நின்றவள். மகள் பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்த் தமிழில் டைப் அடிக்கப் படித்திருந்தாள். அழுது அடம்பிடித்து அப்பாவை ஒரு பழைய கம்ப்யூட்டரும் வாங்கவைத்துவிட்டாள்.

அதைச் சாமி படங்களுக்குக் கீழே வைத்தோம். சந்தனம், குங்குமம் இட்டு, வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் பூ வைப்பேன். எனக்கு அது சரஸ்வதி. அதனால் மாதத்தில் அந்த மூன்று நாள் மகள் அதன் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். பின்கட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்த எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பழகிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பங்குனியில் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை அவளே செய்து தருவதாகக் கேட்டு வாங்கினாள். அவள் அப்பா சொன்னார்: “இத மட்டும் ஒழுங்கா முடிச்சுக் காட்டு ஆத்தா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒனக்கு ஒரு கடை பிடிச்சுத் தாரேன்.”

பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொடி கட்டுவது, பால்குடம், பூக்குழி, உபயம் கொடுத்த வீட்டுக்காரர் பெயர்கள் எல்லாவற்றையும் அடித்து, சுற்றிலும் வேப்பிலையைக் கரை மாதிரி வரைந்திருந்தாள். வேலையை வாங்கிய ஐந்தாம் நாள் காலை, பிரஸ்ஸிலிருந்து நோட்டீஸ் கட்டுகள் வீட்டுக்கு வந்தன. அத்தனை அழகு! அன்று மாலை கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அன்று மதியம் கொல்லைக்குப் போன நான், கொடியில் காய்ந்த பழைய பாவாடைக்கு அடியில் துணி ஒளித்துக் காயப்போட்டிருப்பதைப் பார்த்தேன். நேரே மகளிடம் போய்க் கேட்டேன்.

“எத்தன நாளாடி?”

“திங்கக்கிழமையிலருந்து. சொல்லியிருந்தா பின்கட்டுல உக்கார வச்சிருப்ப. வேல முடிய மூணே நாளுதாம்மா இருந்துச்சு.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “சாமி பேரத்தானம்மா அடிச்சேன்? அப்பாகிட்ட சொல்லிராத.”

அப்பாவிடம் சொல்லவில்லை. பூசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் எலுமிச்சம்பழமோ விளக்கோ போடச் சொல்வார், போட்டால் தோஷம் கழிந்துவிடும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் ஓடினேன். அம்மன் மேல் ஆணையாக அன்று அதுதான் என் மனதில் இருந்தது. பூசாரி எழுந்து நேராகக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். என் வீட்டுக்காரர் அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

தலைவர் சொன்னார்: “ஏப்பா, பொட்டப்புள்ள கையில மிசினக் குடுத்தா வேற எப்பிடி இருக்கும்? தெருவுக்கே தீட்டு ஒட்டவச்சிட்டாளே.”

பின்னால் நின்ற ஒருவர், “கடை வேற போட்டுத் தரப் போறாராம்ல. மாசம் மூணு நாளு பூட்டுத் தொங்கும்!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கட்டுகளை முச்சந்தியில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மகள் கதவோரம் நின்று பார்த்தாள். அழவில்லை. என்னை மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

தலைவரின் அண்ணன் மகன் அவசரமாக வேறு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான். அதில் பால்குடம் எடுக்கிற நாளே விட்டுப்போயிருந்தது. “சின்னப் பய, அவசரத்துல விட்டுட்டான்” என்று ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் எதையும் எரிக்கவில்லை. தலைகுனிவு தாங்காத என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரை அந்தப் பையனுக்கே விற்றார். அவனுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வந்தது. என் மகளுக்குத் தொப்பம்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை வந்தது.

மறுவருடப் பங்குனிக்கு அவள் ஏழு மாத வயிற்றோடு வந்திருந்தாள். கோயில் ஆள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுற்றிலும் வேப்பிலைக் கரை. அதே எழுத்து, அதே வரிசை.

“நான் செஞ்சதும்மா இது. கம்ப்யூட்டருக்குள்ளயே கெடந்திருக்கு. தேதிய மட்டும் மாத்திருக்கான்.”

அவள் நோட்டீஸை மடித்து என் கையில் வைத்தாள்.

“என்னம்மா, இப்பவும் ஓடிப்போயி பூசாரிகிட்டச் சொல்லலையா?”

அவ்வளவுதான் கேட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இப்போது மாப்பிள்ளையிடம் செல்போன் இருக்கிறது. அவர் நம்பரைப் போட்டுக் கொடுத்தால்தான் அவள் என்னிடம் பேசுவாள். “நீயே போடேம்மா” என்றால், “எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்கிறாள். தெரியாதாம், என் மகளுக்கு.

ஒவ்வொரு பங்குனியிலும் அதே வேப்பிலைக் கரையோடு நோட்டீஸ் வருகிறது. மஞ்சள் தடவி அம்மன் காலடியில் வைத்த பிறகுதான் பூசாரி அதை ஊருக்குக் கொடுக்கிறார். அந்தத் தாய் ஒரு வருடமும் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் பெயரைச் சொல்லி என் பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டவள் நான்தான் என்பதை, அவள் முன்னால் விழுந்து கும்பிடும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.