வடக்குப் பக்கப் பாதை

விப்ரனுக்கு வேலை, ஊரையே வெட்டிப் படகில் ஏற்றுவது. எங்கள் ஊர் ஹோர்ன்வெர்ட் நிற்கிற மேடு, கடலுக்கு அணை வருவதற்கு முந்தி வெள்ளத்துக்குப் பயந்து சாணியும் களிமண்ணுமாகக் கொட்டிக் கொட்டி எங்கள் முன்னோர் உயர்த்தியது. அந்தக் கறுப்பு மண்ணைப் போட்டால் வெறும் மணலிலும் உருளைக்கிழங்கு விளையும். மண்ணை விற்றவர்கள் பண்ணைக்காரர்கள், கெட்ட பேர் மட்டும் வெட்டினவனுக்கு. கடைசியில் மேட்டில் மிஞ்சியது சர்ச்சும் கல்லறைகளும், சுற்றி ஒரு பாதையும், ஓரமாய் நாலைந்து வீடுகளும்தான்.

அவன் பெண்டாட்டி பௌக்யே நெஞ்சு நோவில் படுத்தவள். எங்கள் ஊரில் செத்தவர்களை அந்தப் பாதையில் சர்ச்சை மூன்று சுற்று சுமந்த பிறகே குழியில் இறக்குவோம். அது தனக்கும் வேண்டும் என்பது ஒன்றே அவள் ஆசை.

"வடக்குப் பக்கத்தைத் தொடாதீங்க. என்னைத் தூக்கிட்டுப் போக வழி வேணும்ல?"

"அடி போடி, எல்லைக் கயிறு கட்டித்தான் வெட்டுறோம். நீ என்னை அனுப்பிட்டுத்தான் போவ."

கயிறு கட்டியது உண்மைதான். ஆனால் படகு அரைகுறைச் சுமையோடு நின்றது, மேஸ்திரி கத்தினான், மண்ணோ வெண்ணெய் மாதிரி வந்தது. கயிற்றைத் தாண்டிக் கொஞ்சம் தோண்டிவிட்டான், பாவி. ஐப்பசி மழையில் வடக்குப் பாதை மொத்தமும் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே பௌக்யே போய்ச் சேர்ந்தாள்.

பெட்டி தூக்குவது அக்கம்பக்கத்தார் கடமை. அடுத்த வீட்டு ஊட்ஸே முன்னால் நின்று தூக்கினான். வடக்கு மூலைக்கு வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டோம்.

"வழி எங்கய்யா, விப்ரன்?"

"பள்ளத்துல இறங்கிப் போயிரலாம், ஊட்ஸே. நான் முன்னால நடக்கிறேன்."

"சேத்துல வழுக்கி அவளைக் கீழ போடச் சொல்றியா? போதும்யா நீ பண்ணினது."

ஒரு சுற்றுகூட முடியாமல் திரும்பி வந்து புதைத்தோம். விப்ரன் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஆறுதல் சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

பனி உருகியதும் தள்ளுவண்டியில் மண் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்ட ஆரம்பித்தான்.

"வித்த மண்ணைத் திருப்பி வாங்கிட்டியாக்கும்?" என்று குத்தினான் ஊட்ஸே.

"என் வீட்டுத் தோட்டத்து மண்ணுய்யா. ஆக்கிப்போட ஆளில்ல, கிழங்கு எனக்கெதுக்கு?"

வருஷக்கணக்காகக் கொட்டினான். அவன் வீட்டுப் பின்பக்கம் குட்டையாகி வாத்து நீந்தியது. வடக்குப் பாதை கெட்டியாக எழுந்தது. ஊட்ஸேயின் அம்மாவை அதில்தான் மூன்று சுற்றும் சுமந்தோம். விப்ரனும் ஒரு தோள் கொடுத்தான்.

பிறகு விப்ரன் போகிற முறை வந்தது. பெட்டியைத் தூக்கிப் பாதைப் பக்கம் திரும்பினோம். ஊட்ஸே குறுக்கே வந்து நின்றான்.

"நேரா குழிக்குப் போங்கப்பா. அவளுக்குக் கிடைக்காதது எனக்கும் வேணாம்னு சொல்லிட்டுத்தான் செத்தான்."

வடக்குப் பாதையில் புல் முளைத்துக் கிடந்தது. அவனை நேராகக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் இறக்கினோம்.