தொண்ணூற்றொன்பதாவது வகுத்தல்

எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாத பிறவி நான். பாறசாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பஸ் நம்பர், ரேஷன் கார்டு எதுவும் என்னிடம் தப்பாது. இது நோய்தான், மருந்து கிடையாது.

நெய்யாற்றின்கரையில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியில் அப்பாவின் பதிவுச் சீட்டு எண் 104729. ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாத பகா எண். அப்பா வீடு திரும்பவில்லை. அம்மாவுக்கு 224737. அதுவும் பகா எண், அம்மாவும் திரும்பவில்லை. பகா எண் விழுந்த எத்தனையோ பேர் அங்கிருந்து நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்கள். அது தெரிந்து என்ன, பயத்துக்குக் கணக்குப் பாடம் ஏறாது.

போன வருஷம் தங்கைக்குப் பித்தப்பையில் கல். முந்தின வாரம் தனியாகப் போய் அவள் எடுத்திருந்த சீட்டு 282943. அட்மிட் செய்யப் போன காலையில் காய்ச்சலோடு என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வரிசையில் உட்கார்ந்தபடி நோட்டில் வகுக்கத் தொடங்கினேன். பகா எண்ணா என்று அறிய, 531 வரையுள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். மொத்தம் தொண்ணூற்றொன்பது. ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. யாரோ உள்ளேயிருந்து ஒவ்வொரு கதவாகத் தாழிடுவதுபோல் இருந்தது. தொண்ணூற்றெட்டாவது 521. மீதி நாற்பது. அப்போது கவுண்டரில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சீட்டு தொலஞ்சு போச்சு, புதுசு வேணும்" என்றேன்.

283500 கிடைத்தது. அதற்கு நூற்றிருபது வகுத்திகள். தன்னை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டினாலே தன்னை மிஞ்சிவிடும் மிகை எண். இத்தனை சொந்தபந்தம் சுற்றி நிற்கும் எண்ணிலிருந்து யமன் எப்படி ஆளைத் தூக்குவான்? எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

வார்டில் நர்ஸ் ஊசியோடு வந்தாள். புது எண்ணின் பைல் வெறுமையாக இருந்தது.

"இவங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கிடையாது" என்றேன். தங்கை என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஊசி போட்ட ஐந்து நிமிஷத்தில் தங்கையின் உதடு வீங்கியது. மூச்சு கீச்சிட்டது. "ஒண்ணும் ஆவாது மக்கா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐ.சி.யூ.வுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நர்ஸ் வெளியே ஓடி வந்தாள். "பைஸ்டாண்டர் ஆரு, கூட வந்த ஆளு? இவங்க முன்னே இங்க வந்ததுண்டா? பழைய நம்பர் கிட்டுமா?"

தொலைந்த சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பழைய பைலில் சிவப்பு மையில் இரண்டு மருந்துகளின் பெயர். ஒன்று ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. மற்றதை அப்போதுதான் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம்.

வராந்தாவில் தனியாக நின்றேன். கை சும்மா இருக்கவில்லை. நோட்டைப் பிரித்து மிச்சமிருந்த ஒரே எண்ணால், 523ஆல், வகுத்தேன். 541 தடவை போயிற்று. மீதி இல்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தேன், மீதி இல்லை.

மூன்றாம் நாள் தங்கைக்குக் குரல் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொலஞ்ச சீட்ட நேரத்துக்குத் தேடி எடுத்தியே அக்கா, அதுனாலயாக்கும் நான் உயிரோட கெடக்கேன்."

"ஆமா" என்றேன்.