நடேசு அண்ணையின் வளவுக்கு வராத காகம்

செய்தி வந்தபோது நான் அவருடைய வளவில்தான் நின்றேன். ஆசுபத்திரிக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன வேலை அது. காலையில் மாதுளைக்குக் கீழே இருக்கும் மண்சட்டியில் பழைய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும். கைத்தொலைபேசி அடித்தது. தெல்லிப்பழை ஆசுபத்திரியிலிருந்து அவருடைய மகள் சுகந்தி. "அன்ரி, அப்பா எங்களை விட்டுப் போட்டார்" என்றாள். சட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மிச்சத்தையும் நிரப்பிவிட்டுத்தான் கேற்றைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். பாதியில் விட்டிருந்தால் மனிதர் ஏசியிருப்பார்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர்களுக்கும், நில அளவைக் கந்தோரில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கும் நடேசு அண்ணையை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர் அங்கே படவரைஞர். நான் பக்கத்து மேசையில் தட்டெழுத்தாளர். கந்தோரில் மேசையும் மேசையும் போல, ஊரில் அவர் வளவும் என் வளவும் அடுத்தடுத்து; நடுவில் ஒரு மதில். ஆனால் இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று காகத்துக்கு வைத்த சோற்றைக் காகம் எடுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் சிலர், ஆள் ஏதோ மனக்குறையோடு போய்விட்டார் என்று கதைக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகன் கொள்ளிக்கு வந்து சேராத குறை என்கிறார் ஒருவர். காணிப் பங்கு என்கிறார் இன்னொருவர். வாய்க்குப் பூட்டா இருக்கிறது? சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தக் கதை அவருடைய மனைவி பவளம் அக்காவின் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட நினைத்தேன்.

ஓய்வுபெற்ற கையோடு மகன் அவருக்கு ஒரு நல்ல கமரா அனுப்பியிருந்தான். முதலில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கலியாண வீடுகளுக்குப் போனார். என் அண்ணன் மகளின் கலியாணத்தில் அவர் எடுத்த படங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். மாப்பிள்ளைக்குத் தலை இல்லை, பொம்பிளைக்குப் பாதி முகம். ஆனால் பந்தல் வாழைக்குலையில் வந்திருந்த கொண்டைக்குருவி மட்டும் இறகு இறகாய்த் தெரிந்தது. என் அண்ணி ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "மாப்பிளை எங்கை போகப்போறார், நாளைக்கும் எடுக்கலாம். குருவி நிக்குமே?" என்றார். அதற்குப் பிறகு அவர் மனிதரைப் படம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

பின்வளவை அவர் குருவிகளுக்கென்று மாற்றிய விதத்தில் பழைய படவரைஞர் தெரிந்தார். மாதுளையில் சிரட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, குசினி யன்னலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு சிரட்டையில் குறுணல் அரிசி, ஒன்றில் சாமை, பலகையில் பப்பாசிப்பழத் துண்டு, கீழே தண்ணீர்ச் சட்டி. காலை ரயில் போய்ச் சத்தம் அடங்கியதும் புலுனிகள், அந்தத் தவிட்டு நிறக் குருவிகள், கூட்டமாக வந்து நிலத்தைக் கிளறும். பிறகு கொண்டைக்குருவி, மைனா, கிளி. யன்னலுக்குப் பின்னால் அவர் மூச்சுவிடாமல் இருப்பார். அந்த நேரத்தில் குசினியில் தேங்காய் திருவக்கூடாது, அம்மியில் கை வைக்கக்கூடாது. பவளம் அக்கா பூனைபோல நடந்து தேநீர் போடுவார். "கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை இந்த மனுசன் எனக்காக ஒரு நாள் வாய் மூடி இருந்ததில்லை" என்று மதிலுக்கு மேலால் என்னிடம் முறையிடுவார்.

அழகான படம் எடுப்பதற்காக அவர் எடுக்கவில்லை. வந்தது யார் என்று மறுநாள் அடையாளம் பிடிப்பதற்காக எடுத்தார். வால் வளைந்த கொண்டைக்குருவி, ஒரு விரல் இல்லாத மைனா, இப்படி ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரியும். குருவிகளை மரியாதையாகத்தான் சொல்லுவார். "ஆள் வந்திட்டார் பிள்ளை, இண்டைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தவர்" என்பார். யாரோ கந்தோர்க்காரரைச் சொல்கிறார் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. உண்மையிலேயே ஒரு குயிலுக்கு எங்கள் பழைய மேலதிகாரியின் பெயரை வைத்திருந்தார். கடைசியாக வந்து முழுப் பப்பாசியையும் அதுதான் தின்றுவிட்டுப் போகும்.

காகங்களோடு மட்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு காகம் இறங்கினால் சின்னக் குருவிகள் அந்தக் காலை முழுவதும் வராது. அதற்காக அவர் ஒரு கவண் செய்துகொண்டார். மாதுளைக் கவர்க் கிளையில் சைக்கிள் ரியூப் கட்டிய சாதாரணக் கவண். ஒருநாளும் அதில் கல் வைத்ததில்லை. அது எனக்குத் தெரியும், காகங்களுக்குத் தெரியாது. யன்னலில் நின்று வெறும் ரப்பரை இழுத்துக் குறி பார்ப்பார். அவ்வளவுதான், காகங்கள் கலைந்துவிடும். கொஞ்ச நாளில் அவருடைய முகத்தையே அவை பாடமாக்கிவிட்டன. அவர் கடைக்குப் போனால் ஒழுங்கை முழுவதும் தலைக்கு மேலே கத்திக்கொண்டு வரும். வெயில் இல்லாத நாளிலும் குடையோடு போகும் மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் அதுதான்.

இதனால் கரைச்சல்பட்டவர் பவளம் அக்கா. அவர் விரதம் தவறாதவர். புரட்டாதிச் சனி என்றாலும் அமாவாசை என்றாலும் காகத்துக்குச் சோறு வைத்து, அது ஒரு வாய் எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார். அவருடைய வளவிலோ காகம் இறங்காது. முதல் சனியன்று பொழுது சாயும்வரை பட்டினியாக நின்று பார்த்துவிட்டு, வாழையிலையை மதிலுக்கு மேலால் என்னிடம் நீட்டினார். "தங்கச்சி, உங்கடை பக்கத்திலை வையும்" என்றார். என் முருங்கையில் காகங்களுக்குக் குறைவில்லை. வைத்த உடனேயே எடுத்தன. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக் காகச் சோறும் என் வளவில்தான். மனைவியைப் பட்டினி போடுகிறீர்களே என்று நான் அண்ணையிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபிக்கவில்லை. "காகத்துக்கு ஊரிலை எல்லா வீட்டிலையும் சோறு வைக்கினம். புலுனிக்கு ஆர் பிள்ளை வைக்கினம்?" என்று கேட்டார்.

என் கணவர் இறந்த நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பிடித்து அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள். நடேசு அண்ணை வந்தார், ஒரு மூலையில் இருந்தார், போனார். மறுநாள் காலை என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. சட்டி விளிம்பில் ஒரு புலுனி. அதற்கு அடுத்த நாள் இன்னொரு படம். ஒரு சொல்லும் எழுதியிருக்கமாட்டார். காலையில் கண் விழித்தால் ஏன் விழித்தேன் என்று இருந்த காலம் அது. இன்றைக்கு யார் வந்திருப்பார் என்று பார்ப்பதற்காகவே நான் போனைத் தேடத் தொடங்கினேன். அந்தப் படங்கள் அவர் ஆசுபத்திரிக்குப் போகும் நாள்வரை நிற்கவில்லை. இப்போதும் விடிந்ததும் கை தானாகப் போனுக்குப் போகிறது. ஒன்றும் வந்திருக்காது என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

ஆசுபத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தபோது குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது. நோவைப் பற்றிச் சொல்லவில்லை, மகனைப் பற்றியும் காணியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் மாற்றினேனா என்று கேட்டார். ஓம் என்றேன். வால் வளைந்தவர் வந்தாரா என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை, ஆனாலும் ஓம் என்றேன். "பிறகென்ன" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மனக்குறை பற்றிக் கதைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இனி அந்தியேட்டி. மகன் வந்துவிட்டான். காலையில் கீரிமலைக்குப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்து, வீட்டில் படையல் போட்டு, காகத்துக்கென்று ஓர் இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பின்வளவில் வைத்தார்கள். இலையை என் பக்கம் வைக்கலாம் என்று நான் முதலே சொன்னேன். அண்ணையின் மூத்த சகோதரர் விடவில்லை. "செத்தவன்ரை சோறு அவன்ரை வளவிலைதான் வைக்க வேணும். அடுத்த வீட்டுக்குள்ளை கொண்டுபோய் வைக்கிறதோ?" என்றார். வயதான மனிதர், நான் விட்டுக்கொடுத்தேன். காகங்கள் என் முருங்கையிலும் மதிலிலும் வரிசையாக இருந்து பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. ஆண்கள் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, கறிகள் ஆறின, சின்னப் பிள்ளைகள் பசியில் சிணுங்கின. கடைசியில் புலுனிகள் வந்தன. தத்தித் தத்தி இலைக்குக் கிட்ட வந்து சோற்றைக் கொத்தத் தொடங்கின. பெரியவரோ சால்வையை வீசி அவற்றைக் கலைத்துவிட்டார். அவருக்கு வேண்டியது காகம்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு நான் பவளம் அக்காவிடம் சொன்னேன், இது மனக்குறை இல்லை, அவர் கலைத்துக் கலைத்துக் காகங்களைப் பயமுறுத்தி வைத்திருந்ததுதான் என்று. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது அவர் இருக்கேக்கை தங்கச்சி. ஆள் போன பிறகும் அதுகளுக்கு என்ன பயம்?"

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு நாளும் அந்த வளவில் இலை வைத்தார். காகம் வரவில்லை. அவரும் ஒரு வாய், இரண்டு வாயோடு கையைக் கழுவினார். சுகந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவையும் இழந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்று அழுதாள்.

போன அமாவாசையன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் காகங்கள் அப்படி எதைத்தான் பார்த்துப் பயப்படுகின்றன என்று, என் பக்கத்தில் முருங்கையின் கீழ் ஒரு கொங்கிறீற் கல்லில் ஏறி நின்று, அவை பார்க்கும் இடத்திலிருந்து நானும் பார்த்தேன். குசினி யன்னலுக்குப் பின்னால் நடேசு அண்ணை இருந்தார்.

அவர் எப்போதும் உட்காரும் கதிரை அது. முதுகில் அவருடைய மண்ணிறச் சேட்டு, அதற்கு மேலே தொப்பி, யன்னல் கம்பியில் கவண். ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்ட காலையில் அவர் கழற்றி மாட்டியபடியே பவளம் அக்கா விட்டிருந்தார். தூசிகூடத் தட்டவில்லை. வீட்டுக்குள் நின்று பார்த்தால் சேட்டுப் போட்ட ஒரு கதிரை. முருங்கையிலிருந்து பார்த்தால் கவணோடு காத்திருக்கும் மனிதர்.

அக்காவைக் கூப்பிட்டு அதே கல்லில் ஏற்றினேன். மதிலைப் பிடித்துக்கொண்டு அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கிறார் போலத்தான் கிடக்கு" என்றார்.

"கதிரையை எடுத்து உள்ளுக்கை வைப்பம் அக்கா. நாளைக்கே காகம் வரும். ஊர்வாயும் மூடும்."

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லிலிருந்து இறங்கினார்.

"வேண்டாம், கிடக்கட்டும். அதுகளாவது அவர் இருக்கிறார் எண்டு நினைக்கட்டும்."

பிறகு தன் வளவுக்குப் போய் இலையை எடுத்துவந்து மதிலுக்கு மேலால் நீட்டினார். நான் வாங்கி என் பக்கம் வைத்தேன். கை எடுக்குமுன் ஒரு காகம் இறங்கி ஒரு வாய் சோற்றைக் கவ்விக்கொண்டு போனது. பவளம் அக்கா அன்று இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார் என்று சுகந்தி சொன்னாள்.

ஆகவே அவரை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மனக்குறைக் கதையை இத்தோடு விட்டுவிடுங்கள். அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் வீட்டை ஒதுக்கிக் கூட்டிக் கொடுக்கிறேன் என்று அந்தக் கதிரையில் கை வைக்காதீர்கள்.

அவர் அனுப்பிய படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், மதிலைத் தாண்ட மறுக்கும் இந்தக் காகங்களைத்தான் சொல்வேன். காலையில் கதவைத் திறந்ததும் அவை என் பக்கத்திலேயே நிற்கின்றனவா என்று பார்க்கிறேன். நின்றால் மனம் ஆறுகிறது. காகம் கெட்டித்தனமான பறவை. என்றோ ஒரு நாள் ஒன்று துணிந்து அந்த வளவில் இறங்கத்தான் போகிறது. நடேசு அண்ணைக்கு ஆத்மா சாந்தி கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு ஊர் சொல்லும். எனக்கு அன்றைக்குத்தான் அவர் சாவார்.