அடுத்த வளவுக் குழாய்

சீத்தைத் துணியை அளந்துகொண்டிருக்கும்போதே ஜெமீலின் ஆட்காட்டி விரல் அளவுகோலின் பித்தளைப் பூணைத் தட்டத் தொடங்கிவிடும். ஒரு குட்டைத் தட்டு, ஒரு நெட்டைத் தட்டு, மறுபடி குட்டை. எதிரே நிற்கும் பெண் விலையைக் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருப்பாள். ஜெமீலின் முகம் கனிவோடு தலையாட்டும். விரல் மட்டும் 'முடியாது, முடியாது' என்று மோர்ஸ் பாஷையில் அடித்துக்கொண்டிருக்கும். கல்முனைச் சந்தையில் அந்தப் பாஷை விளங்கியவர்கள் மிகக் குறைவு என்பதால் வியாபாரம் கெடுவதில்லை.

உலக யுத்த காலத்தில் திருகோணமலையில், பட்டாளத்துச் சிக்னல் பிரிவில் பிடித்த பழக்கம் அது. பட்டாளம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மோர்ஸ் அவரோடு கூடவே வந்துவிட்டது. ஏலத்தில் வாங்கிய பழைய பட்டாள ரேடியோ செட், அதற்கு உயிர்கொடுக்க ஒரு லொறி பற்றரி, வானலையில் பேசப் பரீட்சை எழுதி முறையாக எடுத்த லைசன்ஸ், பின்வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே உடுப்புக் கொடி மாதிரித் தாழக் கட்டிய ஒரு செப்புக் கம்பி ஏரியல். பின்னேர அசர் தொழுகை முடிந்து இவற்றின் முன்னால் வந்து குந்தினால் கடை, கடன்காரன், காய்ச்சல் எல்லாம் மறந்துபோகும். கொழும்பில் ஒரு பல் வைத்தியர், சென்னையில் ஒரு ரயில்வே உத்தியோகத்தர், ரங்கூனில் யாரோ ஒருவர். இவர்களில் ஒருவரையும் அவர் முகம் கண்டதில்லை. ஆனால் பல் வைத்தியருக்குத் தடிமன் பிடித்திருந்தால் கை அடிக்கிற விதத்திலேயே ஜெமீலுக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் அவருக்கு 'டிக்டிக் ஜெமீல்' என்று பேர். அந்தப் பேர் தமக்குப் பிடிக்காது என்று காட்டிக்கொள்வார். தேத்தண்ணிக் கடையில் யாராவது அப்படிக் கூப்பிடாமல் விட்டால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நேத்து ரங்கூன்காரன் ஒரு கதை சொன்னான்..." என்று தாமே தொடங்கிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு ஜவுபர் வந்து வாய்த்தான்.

ஒரே மாமனார் இரண்டு மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்த வளவு அது. அக்கா றஹீமாவின் வீட்டில் ஜெமீல். தங்கையின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன் ஜவுபர். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி மட்டும். ஜவுபர் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் மெக்கானிக். விடிந்ததும் பஸ்ஸில் அம்பாறைக்குப் போய் மாலையில் திரும்புகிறவன். அதிகம் கதைக்கமாட்டான். ஜெமீலை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுவான். கலியாணத்தின் பிறகு மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ, தனக்கும் லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்று ஒரு தட்டு மஸ்கற் இனிப்போடு வந்து சொன்னான். ஜெமீல் மஸ்கற்றை வாங்கி வைத்துக்கொண்டு, "நல்லம், நல்லம்" என்றார். அன்று அவர் அதைத் தொடவில்லை என்று றஹீமா சொல்கிறாள்.

அடுத்த கிழமை ஜவுபர் ஏரியலுக்கென்று ஒரு நீண்ட குழாயைக் கொண்டுவந்து வளவின் கடற்பக்க மூலையில் நட்டான். நட்டான் என்று சொல்வதும் பிழை. குழாயின் அடி மண்ணில் படவே கூடாதாம். சீமெந்துக் கட்டில் ஒரு தடித்த சோடாப் போத்தலைக் கழுத்துவரை புதைத்து, அதன் மேல் குழாயை நிறுத்தி, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினான். அடியில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் செப்புக் கம்பிச் சுருள். சுருளில் ஒரு கவ்வியை இந்த வளையத்தில் மாட்டினால் இருபது மீற்றர் அலை, அந்த வளையத்தில் மாட்டினால் நாற்பது. ஒரே குழாய், வேண்டிய அலைக்கெல்லாம் அதுவே பேசும். அதன் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை முழுக்க மண்ணைக் கீறி, குழாயின் அடியிலிருந்து நாலா பக்கமும் கம்பிகளைப் புதைத்தான்.

வேலிக்கு மேலால் ஜெமீல் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கச்சான் கடலை போடப்போறியோ?"

"இல்ல காக்கா, குழாய்க்கு வேர்" என்று சிரித்தான் ஜவுபர்.

அந்தப் பதிலில் ஒரு திமிர் இருந்ததாக ஜெமீல் இன்றைக்கும் சொல்கிறார். கேட்ட மற்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

குழாய் பேசத் தொடங்கியது. முதல் நாளே இத்தாலி. மறுநாள் ஆபிரிக்காவில் ஒரு பாதிரியார். அதே கிழமையில் பிரேசில். ஜவுபர் அடிக்கும்போதெல்லாம் ஜெமீலின் செட் செவிடாகி, 'தம் தம்' என்று நெஞ்சில் குத்துவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அவன் நிறுத்தினால்தான் இவருக்கு மற்றவர்கள் கேட்பார்கள். அந்த மற்றவர்களும் ஜவுபரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு மாலை பிரேசில்காரன், 'உன் சத்தம் பக்கத்து வீட்டில் இருந்து வருவதுபோல் இருக்கிறது' என்று ஜவுபருக்கு அடித்தது ஜெமீலின் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டில் இருந்த ஜெமீல் செட்டின் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், ஆணத்துக்கு உப்புப் போட்டாயா என்று றஹீமாவோடு சண்டை பிடித்தார்.

அதிலிருந்து குழாயைப் பற்றி அவருக்குப் பல கவலைகள் வந்தன. அது இடியை இழுக்கும். காற்றில் சாய்ந்தால் மச்சினியின் கூரைதான் போகும். காகம்கூட அதில் இருக்கப் பயப்படுகிறது. இதையெல்லாம் கடையில் துணி வாங்க வந்தவர்களிடம் மெல்லிய குரலில் சொல்வார். அவர்களோ, "அப்படியா? எவ்வளவு உயரம்? பார்க்க ஏலுமா?" என்று கேட்டுக்கொண்டு ஜவுபரின் வளவுக்குப் போனார்கள்.

கடைசியில் அவரும் ஒரு குழாய் வாங்கினார். ஜவுபருடையதைவிட நீளமானது. கிணற்றடியில் ஒரு இரும்பு முளையை அடித்து, அதையே மண்ணுக்கான தொடுப்பு என்று வைத்துக்கொண்டார். கம்பி புதைக்கும் வேலை ஒன்றும் செய்யவில்லை. கச்சான் கதை சொன்ன வாயோடு அதைச் செய்ய முடியாதல்லவா? குழாய் ஊமையாக நின்றது. பழைய கம்பியில் கேட்ட சென்னைகூட அதில் கேட்கவில்லை.

"காக்கா, நான் வந்து பார்க்கட்டா?" என்று ஜவுபர் வேலியடியில் நின்று கேட்டான்.

"தேவல்ல. இரும்பு சரியில்ல. கொழும்புக்கு எழுதிப்போட்டிரிக்கன்."

ஒன்றும் எழுதிப்போடவில்லை. ஒரு மாதம் கழித்து றஹீமா அந்தக் குழாயில் கொடிக் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி உடுப்புக் காயப்போட்டாள். போடும்போது கணவனைப் பார்த்து, "இஞ்ச பாருங்க, அவன் உங்கட சோத்தையா பறிச்சித் தின்னுறான்? ஏன் இப்படி வயிறெரியிறீங்க?" என்று கேட்டாள். ஜெமீல் மெலிந்துதான் போயிருந்தார்.

போன மார்கழியில் மழை பிடித்தது. நாட்கணக்காக விடவில்லை. மேற்கே குளங்கள் உடைத்துக்கொண்டு, வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் இறங்கி வந்தது. கடற்கரை மணல் மேடு என்பதால் ஊர் தப்பியது. மாவடிப்பள்ளிப் பக்கம் சனம் கூரையில் ஏறி இருப்பதாக வள்ளக்காரர்கள் வந்து சொன்னார்கள். றஹீமாவின் சின்னம்மாவான சாச்சியும் பிள்ளைகளும் அங்கேதான். ரோட்டுப் பாலம் போய்விட்டது. தந்திக் கம்பங்கள் விழுந்துவிட்டன. தபால் கந்தோரில் தந்தி அடிக்கும் கதிர்காமத்தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலையில் வந்தார். வந்தவர் குழாய் நிற்கும் வீட்டுக்குத்தான் போனார்.

"தம்பி ஜவுபர், கொழும்புக்குச் சொல்லவேணும். அரிசி வேணும், வள்ளம் வேணும், பேதிக்கு மருந்து வேணும். இப்ப உன்னை விட்டா ஆளில்ல."

'உன்னை விட்டா ஆளில்ல.' வேலிக்கு இந்தப் பக்கம் ஜெமீலுக்கு அது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

ஜவுபர் கொழும்பைக் கூப்பிடத் தொடங்கினான். ஜெமீல் தம் செட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இருபது மீற்றரில் கூப்பிட்டான். பிரேசில்காரன் வந்து என்ன வேண்டும் என்றான். பதினைந்தில் இத்தாலி வந்தது. நாற்பதுக்கு மாறினான், ஒருவரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். கொழும்புப் பல் வைத்தியர் அந்த நேரம் நாற்பதில் இருப்பார் என்பது ஜெமீலுக்குத் தெரியும். ஜவுபர் நிறுத்தும் இடைவெளிகளில் வைத்தியர் வேறு யாரோடோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருப்பது ஜெமீலின் தாழ்ந்த கம்பியில் தெளிவாகக் கேட்டது. ஜவுபரின் கை களைத்தது. எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஜெமீலுக்கு உள்ளே எங்கேயோ ஒரு குளிர்ச்சி பரவியது. கேட்கட்டும். வந்து கேட்கட்டும்.

கதவடியில் றஹீமா வந்து நின்றாள். "என்ட சாச்சி கூரையில இரிக்கா" என்றாள். அங்கிருந்து நகரவில்லை.

ஜெமீல் மோர்ஸ் அடிக்கும் சாவியில் கையை வைத்தார், எடுத்தார். அதே நேரம் கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு, மழையில் ஊறி, ஜவுபர் உள்ளே வந்தான். பின்னால் கதிர்காமத்தம்பி.

"காக்கா, பிரேசிலுக்குக் கேக்கிது. கொழும்புக்குக் கேக்கிதில்ல."

"ஒன்ட பெரிய குழாய்க்கு என்ன வந்த?"

"அது ஓரத்தால தட்டையா எறியிற சாமான் காக்கா. கடலுக்கு மேலால போய் எங்கயோ தூரத்துல விழும். கொழும்பைத் தாண்டிப் போகுது. உங்கட கம்பி தாழ இரிக்கி. அது நேர மேல எறியும், போனது மழை மாதிரி சுத்துவட்டாரத்துலயே விழும். நீங்க கூப்பிட்டாத்தான் கொழும்புக்குக் கேக்கும்."

ஜெமீல் காதுக்கருவியை மாட்டினார். பல் வைத்தியர் மூச்சுவிடும் இடம் பார்த்து உள்ளே நுழைந்தார். ஒரே கூப்பாடுதான். மறுமொழி வந்தது. அதன் பிறகு அந்தக் கை போன போக்கைக் கதிர்காமத்தம்பி இப்போதும் கந்தோரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர்ப் பேர்கள், சனத்தின் கணக்கு, பாலம், மருந்து, வள்ளம் எல்லாம், ஓர் எழுத்துத் திருத்தாமல், முத்துக் கோர்த்தது மாதிரி. பல் வைத்தியர் எல்லாவற்றையும் திருப்பி அடித்துச் சரிபார்த்துவிட்டு, அரசாங்கக் கச்சேரிக்காரருக்கு நேரில் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாள் நண்பகலில் விமானம் வந்து அரிசி மூட்டைகளைப் போட்டது. அதற்கடுத்த நாள் வள்ளங்கள் வந்தன. சாச்சி பிள்ளைகளோடும் ஒரு ஆட்டுக்குட்டியோடும் வந்து இறங்கினாள்.

அன்று கதிர்காமத்தம்பி போன பிறகு ஜவுபர் போகாமல் நின்றான்.

"காக்கா, நாற்பதுல கொழும்பு அகப்படாது என்டு எனக்குக் காலையிலயே தெரியும். உடனே உங்களுக்கிட்ட வந்திரிக்கணும். மனசு வரல்ல."

"ஏன்?"

"உங்கட கை." ஜவுபர் தரையைப் பார்த்தான். "எந்தக் குழாய் நட்டும் எனக்கு அது வராது. நீங்க அடிக்கிறதக் கேட்டுட்டு எத்தின நாள் செட்ட மூடி வெச்சிட்டு எழும்பி இரிக்கன்."

ஜெமீல் காதுக்கருவியின் கம்பியைச் சுற்றிச் சுற்றி வைத்தார். தாமும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்ததைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். றஹீமா கதவடியில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றார். அன்று அவர் வழக்கத்தைவிட இரண்டு அகப்பை கூடுதலாகச் சோறு தின்றார்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை ஜும்ஆ வரைதான் நிலைத்தது. தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர் ஒருவர், ஊரைக் காப்பாற்றிய குழாய்க்காரன் என்று ஜவுபரை அணைத்துக்கொண்டார். ஊர் முழுக்க அப்படித்தான் பேச்சு. ஓங்கி நின்ற குழாயைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். தென்னைகளுக்கு நடுவே தொய்ந்து கிடந்த கம்பியை யார் கண்டது? ஜவுபர் பதறிப்போய், "நான் இல்ல, காக்கா. காக்காட கம்பிதான், காக்காட கைதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

பெரியவரின் கண் நனைந்துவிட்டது. "பாருங்க, என்ன பணிவு! செஞ்சதையும் மத்தவன்ட பேர்ல போடுறான். இவனல்லவா புள்ள!"

ஜெமீல் செருப்பைத் தேடினார். இனி ஊரில் அவனுக்குக் குழாயும் உண்டு, பெரிய மனசும் உண்டு. குழாயையாவது சந்தையில் விலைக்கு வாங்கலாம்.

வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், மழைத் தண்ணீரில் மண் அரித்துப்போய் ஜவுபரின் குழாய் வேலிப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. போத்தல் உடைந்திருந்தது. ஒரு பின்னேரம் அவன் புதுப் போத்தல் வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டு நிமிர்த்தத் தொடங்கினான். ஜெமீலைக் கூப்பிட்டானா, அவரே போனாரா என்பதில் இரண்டு வீட்டுக்கும் இரண்டு கதை இருக்கிறது. எப்படியோ, கடற்பக்கக் கயிறு அவர் கையில் இருந்தது. காற்று குழாயை வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கயிற்றை விட்டால் குழாய் விழும். போத்தல் மறுபடி நொறுங்கும். அது அவருக்கும் தெரியும், அடியில் குழாயைக் கட்டிப்பிடித்து நின்ற ஜவுபருக்கும் தெரியும்.

மற்றக் கயிறுகளைக் கட்டி முடித்தார்கள்.

"காக்கா, போதும். நேராத்தான் நிக்கிது. முளையில கட்டிட்டு விடுங்க."

ஜெமீல் அண்ணாந்து பார்த்தார். நுனி வானத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் குத்தி நின்றது.

"பொறு. இன்னும் கொஞ்சம் அங்கால சாயிது" என்று சொல்லி, கயிற்றை உள்ளங்கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மணலில் ஊன்றிக்கொண்டார்.