காராபூந்திப் பொட்டலம்

திக்குவாய்க்குப் பேச்சு சிகிச்சை தரப் படிக்கும் என் மாணவிகளை, வேண்டுமென்றே திக்கிப் பேசிக் கடையில் ஏதாவது வாங்கிவரச் சொல்வேன். திக்குகிறவர்கள் படும் பாடு அப்போதுதான் புரியும். இன்று ஒருத்தி காராபூந்தியோடு திரும்பினாள்.

"காப்பித்தூள் கேட்டேன் மேடம். 'கா... கா...'ன்னதுமே கடைக்காரர் இதக் குடுத்துட்டார். கூச்சமாப் போச்சு, வாங்கிட்டு வந்துட்டேன்."

அந்தக் 'கா... கா...' என்னைச் சின்ன வயதில் போன உத்திரமேரூர் பேருந்தில், அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அம்மாவுக்குத் திக்கும். எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்குச் சீட்டு கேட்டாள், 'கா'விலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மா, காஞ்சிபுரமா?" என்று கண்டக்டர் கிழித்தே விட்டார். யாரோ சிரித்தார்கள். நான் ஊர்ப்பேரைச் சொல்ல வாய் திறந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சீட்டை அவரிடமே நீட்டினாள்.

"நா... நான்தான் சொல்லிக்கினு கீறேன் இல்ல? இருப்பா."

கழுத்து நரம்பு புடைக்க, ஊர்ப்பேரை முழுதாகச் சொல்லி முடித்தாள். கண்டக்டர் வேறு சீட்டு கிழித்தார். திக்குதல் பற்றி எத்தனையோ வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அப்படி நிமிர்ந்து திக்கிய ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.

பொட்டலத்தை மாணவியிடமே நீட்டினேன்.

"இதத் திருப்பிக் குடுத்துட்டு, காப்பித்தூளே கேட்டு வாங்கிக்கினு வா."

என் வாயில் அந்த ஊர்ப் பேச்சைக் கேட்டு வகுப்பே நிமிர்ந்து பார்த்தது. நான் திருத்திக்கொள்ளவில்லை.