நன்றாக உடுத்திக் கூட்டிப்போன நாள்

என் வீட்டுக்காரர் மோட்டார் பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இப்போது ஞாபகம் தவறிப்போகும் வியாதி. பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மிணி வருகிறாள். அவளுக்குச் சம்பளம் கொடுப்பது மகன். அவனுக்குச் சரவணம்பட்டியில் கம்பெனி வேலை, வீட்டுக் கடன் வேறு இருக்கிறது. இனிமேல் அந்த அம்மிணியை நிறுத்த வேண்டியதுதான் என்று அவன் மருமகளிடம் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. எனக்கு முட்டி தேய்ந்துபோயிற்று. அவர் கீழே உட்கார்ந்துவிட்டால் என்னால் தூக்க முடியாது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகனுக்குக் கணக்குப் பார்க்கும் ஆர்.எஸ்.புரத்து ஆடிட்டர்தான் ஒரு வழி சொன்னாராம். அப்பாவுக்கு ஊனம் என்று அரசு டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தால், அவரைப் பராமரிக்கிற மகனுக்கு வருமான வரியில் சலுகை உண்டு. ஊனம் நாற்பது சதவீதமாவது என்று போட்டிருக்க வேண்டும். அந்த வரி மிச்சமானால் அம்மிணியை நிறுத்த வேண்டாம்.

"டாக்டர் கேக்கறதுக்கு உள்ளதைச் சொல்லும்மா, போதும்" என்றான் மகன். நான் அஞ்சாவதோடு நின்றவள். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

அன்று காலையில் அவருக்குத் தண்ணீர் வார்த்து, சவரம் செய்வித்து, இஸ்திரி போட்ட வேட்டி கட்டி, விபூதி வைத்துவிட்டேன். கசங்கிய வேட்டியோடு அவரை நான் வெளியே அனுப்பியதே கிடையாது. அம்மிணி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஏனுங்கம்மா, மாப்பிள்ளையாட்டம் ஜோடிச்சுப்போட்டீங்க! டாக்டரு இவரை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டு நம்மளைப் படுக்கச் சொல்லப்போறாரு!"

அப்போதுதான் நான் செய்த தப்பு எனக்கு உறைத்தது. பழைய வேட்டியை எடுக்கப் போனேன். அதற்குள் கார் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், கூடவே இருந்து பார்ப்பவர் மட்டும் உள்ளே வரட்டும் என்றார் நர்ஸ். மகன் வெளியே நின்றுவிட்டான். டாக்டர் சின்ன வயசு. இவர் உட்கார்ந்ததும் கும்பிட்டு, "தம்பி எந்தூருங்க?" என்றார்.

"சத்தியமங்கலம் பக்கமுங்க."

"தோட்டம் இருக்குமே. போர் எத்தனை அடிங்க? தண்ணி எத்தனை அடில நிக்குது? மோட்டாரை அதுக்குத் தகுந்தாப்பல போடோணும், இல்லாட்டி காப்பர் காயில் எரிஞ்சு போயிருமுங்க."

ஒரு வார்த்தை தடுமாறவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "இது என்ன மாசமுங்க ஐயா?" என்று கேட்டார்.

"ஏனுங்க, இத்தனை பெரிய ஆஸ்பத்திரில ஒரு காலண்டர்கூட மாட்டலையா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"வீட்ல எப்படிங்கம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காருங்க." யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வாய்.

"பாத்ரூம் எல்லாம் தானாவே போய்க்கறாரா?"

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் என்னவென்று சொல்வேன்? தலையை ஆட்டிவிட்டேன். டாக்டர் பேனாவை எடுத்தார். நாளைக்கு அம்மிணி வராமல், அவர் தரையில் கிடக்க நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, எழுதாதீங்க" என்றேன். எனக்கே என் குரல் சத்தமாகப் பட்டது. மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அடுப்படி மூலையில் ஒண்ணுக்குப் போய்விடுகிறார். சோற்றை வாயில் வைத்தால் விழுங்கத் தெரியாமல் அப்படியே இருக்கிறார். என்னைத் திருடி என்று கையை ஓங்குகிறார். ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். ஒன்றையும் விடவில்லை.

சொல்லி முடித்தபின்தான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"யாருக்கு அம்மிணி இப்படி? பாவம்" என்று என்னைக் கேட்டார்.

"நம்ம சொந்தத்துல ஒருத்தருங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாக மெதுவாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

திரும்பும்போது காரில் அவர் விடவே இல்லை. "அவரைப் போய்ப் பாக்காம இருந்தா நல்லா இருக்காது. வெறுங்கையோட போகக் கூடாது" என்றார். மகன் வண்டியை நிறுத்திச் சாத்துக்குடி வாங்கினான். வீடு வரைக்கும் பையை மடியிலேயே வைத்திருந்தார். அம்மிணி அதைப் பிழிந்து கொடுத்ததும் குடித்துவிட்டு, "அவருக்கும் கொஞ்சம் வெச்சிருங்க" என்றார்.

சர்ட்டிபிகேட் வரும் வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தது. அம்மிணி இன்னும் வருகிறாள். ஆனால் சில வருஷம் கழித்து மறுபடியும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமாம்.

"அடுத்த தடவை நீ ஒண்ணுமே சொல்ல வேண்டியிருக்காதும்மா. பார்த்ததுமே எழுதிக் குடுத்துருவாங்க" என்று மகன் என்னைத் தேற்றினான்.

எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.