கடைசி முளைக்கு ஒரு பெயர்

மியாவ் தேகாய் பாலம் கட்டுகிறவர் அல்ல. பாலத்துக்கு முளையடிக்கும் கூட்டத்தின் பாட்டுக்காரர். எட்டுப் பேர் கயிற்றை இழுத்துக் கருங்கல்லை உயரே தூக்கி, ஒரே மூச்சில் விடவேண்டும். கல் மரமுளையின் தலையில் விழும். முளை ஆற்றுச் சேற்றுக்குள் இறங்கும். அந்த ஒரே மூச்சு தேகாயின் தொண்டையில் இருந்தது. ஒருவன் பிந்தினாலும் கல் சாயும், யாருடைய காலாவது போகும்.

இருபத்திரண்டு வருடத்தில் பதினான்கு பாலங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வித்தை: கரையில் போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்வார். சிரித்தால்தான் எட்டுத் தோளும் சேரும்.

"கறிக்கடை வூ எடை போட்டா, ஐலசா!
கட்டைவிரலும் கறியாகும், ஐலசா!"

இந்த ஊரில் வூவை அடுத்துப் படகோட்டி கூ லியாங்கைப் பிடித்துக்கொண்டார். "கூ லியாங் படகு பழம்படகு, பாலம் வந்தா விறகாகும்!" கூ லியாங் சிரித்துக்கொண்டே துடுப்பால் தண்ணீரை வாரி அடித்தான். ஐந்தாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். பத்தாம் நாள் செத்துப்போனான்.

உயிரோடிருப்பவன் பெயரை முளையோடு சேர்த்து அடித்தால் அவன் உயிர் போய்ப் பாலத்தைத் தாங்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பழைய பயம் உண்டு. ஊர் அதை மறந்திருந்தது. இப்போது நினைத்துக்கொண்டது.

தேகாய் தெருவில் வந்தால் தாய்மார் சொந்தப் பெயரை மறைத்துப் பிள்ளைகளை எல்லாம் "நாய்க்குட்டி, உள்ள வா" என்று ஒரே பெயரில் அழைத்தார்கள். கறிக்கடை வூ கத்தியை ஓங்கினான்.

"என் பேரை வாயில வச்சிருக்கியாடா? துப்பு! இங்கேயே துப்பு!"

தேகாய் துப்பினார். அதன்பின் முள்ளங்கியையும் பூசணியையும் பாடிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கயிறு முன்னும் பின்னுமாகப் போய், கல் சரிந்து ஒருவன் தோளை உரசிற்று. கடைசி முளை மூன்று நாளில் ஒரு விரற்கடைகூட இறங்காமல் இடுப்புயரம் நின்றது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"வெள்ளம் வந்தா இந்த ஒத்தை முளை மத்ததையும் பேத்துக்கிட்டுப் போயிடும்ணே," என்றார் ஃபெங் மேஸ்திரி. "யார் பேரையாவது பாடித் தொலைங்க. ஊர்ல இல்லாதவனாப் பாத்துப் பாடுங்க."

"இல்லாதவனுக்கும் ஆத்தா இருப்பாய்யா."

கரையில் கூ லியாங்கின் மனைவி நின்றாள், இடுப்பில் ஒரு வயதுப் பையன். அவன் முதல் பிறந்தநாள் சாப்பாட்டுக்குத் தேகாயையும் அழைத்திருந்தவள்.

"இவன் பேரு உங்களுக்குத் தெரியும். மறந்துடுங்கண்ணே."

"மறந்துட்டேம்மா."

"பொய்."

பொய்தான். கல் உயரத் தொடங்கியது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், கண்ணில் பட்ட ஆளின் பெயர் தானாகவே நாக்கில் ஏறியது. பையனின் பெயரில் முதல் அசை பல்லுவரை வந்துவிட்டது. தேகாய் நாக்கைக் கடித்தார். பிறகு, இரத்தத்தோடு, வாயைத் திறந்தார்.

"மியாவ் தேகாய் ஊளைவாயன், ஐலசா!
ஊரை ஏசியே வயிறு வளத்தான், ஐலசா!"

யாரோ மூக்கால் சிரித்தார்கள். எட்டுத் தோளும் சேர்ந்தன. கல் விழுந்தது, முளை ஒரு சாண் இறங்கியது.

"இன்னொண்ணு! அதையே பாடுங்கண்ணே!"

இன்னும் ஐந்து முறை கல் விழுந்தது. முளை தண்ணீருக்குள் மறைந்தது.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஆட்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுருட்டினார்கள். மேஸ்திரி தேநீர்க் கிண்ணத்தைக் கையில் கொடுக்காமல் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார்.

"நல்ல பாட்டு, தே..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார்.

"பேரைச் சொல்லுய்யா. சொன்னா என்ன?"

மேஸ்திரி ஆற்றைப் பார்த்தார். தேகாய் கிண்ணத்தை எடுத்தார். ஆவி பறந்தது, ஆனால் விரல்களில் சூடு தெரியவில்லை.

கரைமேட்டில் ஏறிக்கொண்டிருந்த கூ லியாங்கின் மனைவி, பல நாட்களுக்குப் பிறகு, தன் மகனை அவன் சொந்தப் பெயரால், ஊரே கேட்கும்படி அழைத்தாள்.